காமாட்சி பாய் தொடுத்த வழக்கு

சட்டத்தில் 'அரசுச் செயல்' என்றொரு கோட்பாடு உண்டு. இறைமை பெற்ற ஓர் அரசு இன்னோர் அரசின்மீது தன் அரசியல் அதிகாரத்தைக் கொண்டு செய்த காரியம் நியாயமா அநியாயமா என்று உள்நாட்டு நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது என்பது அதன் சாரம். இந்தியச் சட்டக் கல்லூரிகளில் இந்தப் பாடத்தை நடத்துகிறவர்கள் தஞ்சாவூர்ப் பெண் ஒருத்தியின் பெயரை உச்சரிக்காமல் நடத்துவது கடினம். இந்திய விவகார அமைச்சருக்கும் காமாட்சி பாய் சாகிபாவுக்கும் இடையிலான வழக்கு. லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்த ஆண்டு 1859. தஞ்சையின் கடைசி மராட்டிய மன்னர் சிவாஜியின் மூத்த மனைவி அவர். ஆங்கிலப் பதிவேடுகளில் அவர் பெயர் 'காமாச்சி போயி' என்று சிதைந்து கிடக்கிறது.

ஆண்டவர்களை விசாரிக்கலாமா, பதவியிலிருந்து இறங்கியபின் குற்ற வழக்கு தொடரலாமா என்ற கேள்வி கடந்த சில ஆண்டுகளாக உலகம் முழுக்கப் பேசப்படுகிறது. அமெரிக்காவின் முன்னாள் அதிபர், இலங்கையின் முன்னாள் ஜனாதிபதிகள், நம் ஊரின் முன்னாள் முதலமைச்சர்கள் என்று பட்டியல் நீளமானது. இந்த விவாதங்களை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் காமாட்சி பாயின் நினைவு வருகிறது. அவர் கேட்டது முன்னாள் ஆட்சியாளரைப் பற்றிய கேள்வி அல்ல. ஆனால் அவருக்குக் கிடைத்த பதில்தான் இன்றுவரை வேறு வேறு சொற்களில் திரும்ப வருகிறது. ஆகவே தஞ்சாவூரிலிருந்தே தொடங்குகிறேன்.

மூன்று கதவுகள்

1799 அக்டோபர் 25ஆம் தேதி ஒப்பந்தத்தின்படி இரண்டாம் சரபோஜி தஞ்சை நாட்டின் நிர்வாகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். கோட்டையும் அதைச் சுற்றிய சிறு பகுதியும் அரசர் என்ற பட்டமும்தான் மிஞ்சின. அவர் மகன் சிவாஜி 1855 அக்டோபர் 29 அன்று ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். மகள்கள் இருந்தார்கள். மனைவியர் பலர் இருந்தார்கள். அவர்களில் பலர் 1852இல் ஒரே நேரத்தில் மணம் செய்துவைக்கப்பட்ட இளம்பெண்கள். மங்கள விலாசத்திலும் திருவையாற்றுக் கல்யாண மகாலிலும் 'ராணி' என்ற பெயர் கிடைக்காத அரண்மனைப் பெண்கள் தனியே இருந்தார்கள்.

தஞ்சையில் கம்பெனியின் ரெசிடென்டாக இருந்த ஃபோர்ப்ஸ், மகளை வாரிசாக ஏற்கலாம் என்று பரிந்துரைத்தார். கம்பெனி மறுத்துவிட்டது. பெண் அரியணைக்கு வாரிசாக முடியாது என்பது அதன் வாதம். இதே தஞ்சையில் 1737–38இல் சுஜான் பாய் என்ற பெண் அரசாண்டிருக்கிறார். கணவர் ஏகோஜி இறந்தபின் அரியணை ஏறியவர். அந்த முன்னுதாரணம் கம்பெனியின் கண்ணில் படவில்லை, அல்லது படவேண்டிய அவசியம் இல்லை.

1856 அக்டோபரில் ஃபோர்ப்ஸே ஆணையராகப் படையுடன் அரண்மனைக்கு வந்தார். அறைகள் முத்திரையிடப்பட்டன. காவலர் நிறுத்தப்பட்டனர். அரசுச் சொத்து மட்டுமல்ல, மன்னரின் சொந்தச் சொத்துகளும் கம்பெனியின் கைக்குப் போயின. கணவர் இறந்து ஓராண்டுகூட முடியாத நிலையில் அந்தப் பெண்களின் வீட்டுக்குள்ளேயே பூட்டு விழுந்தது.

காமாட்சி பாய் சென்னை உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அன்று சென்னையில் இருந்த ஆங்கிலேய நீதிமன்றத்துக்கு அதுதான் பெயர். அவர் நாட்டைத் திருப்பிக் கேட்கவில்லை. மன்னரின் தனிச்சொத்துக்கு இந்துச் சட்டப்படி மனைவிதானே வாரிசு, அதற்குக் கணக்குக் கொடுங்கள் என்றார். நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் 1854இல் ஜான்சி பறிக்கப்பட்டது. அங்கே வாளெடுத்த லட்சுமிபாயின் சிலை நாடெங்கும் நிற்கிறது. அதே காலத்தில் அதே கம்பெனியை நீதிமன்றத்துக்கு இழுத்து, முதல் சுற்றில் வென்றும் காட்டிய தஞ்சாவூர் ராணியின் பெயர் நம் பள்ளிப் பாடப்புத்தகத்தில் இல்லை. போர் செய்த பெண்ணை வரலாறு எளிதாக நினைவில் வைத்துக்கொள்கிறது. மனு எழுதிய பெண்ணை வைத்துக்கொள்வதில்லை.

வழக்கு மேல்முறையீட்டுக்கு லண்டன் போனது. அதற்குள் 1857 கிளர்ச்சி நடந்து, கம்பெனி ஆட்சி முடிந்து, பிரிட்டிஷ் அரசே பிரதிவாதியாகியிருந்தது. 1859 ஜூலையில் பிரிவி கவுன்சிலின் சார்பில் கிங்ஸ்டவுன் பிரபு தீர்ப்பைச் சொன்னார். அதை வாசிக்கும் எவரையும் ஓரிடம் நிறுத்திவிடும். மன்னர் இறந்ததும் அவர் நாட்டையோ சொத்தையோ எடுத்துக்கொள்ளக் கம்பெனிக்குச் சட்டப்படி என்ன உரிமை இருந்தது என்று இந்த ஆவணங்களிலிருந்து கண்டுபிடிப்பது கடினம் என்று நீதிபதிகளே ஒப்புக்கொள்கிறார்கள். ஆனாலும், இது இறைமை அதிகாரத்தால் செய்யப்பட்டது, சரியா தவறா என்று சொல்ல எங்களுக்கு அதிகாரமில்லை என்று முடிக்கிறார்கள். ராணி வென்ற தீர்ப்பு ரத்தானது.

மூன்று கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக அடைக்கப்பட்டதைப் பாருங்கள். மகள் பெண் என்பதால் வாரிசு இல்லை. வாரிசு இல்லை என்பதால் நாடு இல்லை. நாட்டை எடுத்தது அரசுச் செயல் என்பதால் மனைவிக்கு நீதிமன்றம் இல்லை. செயலின் தன்மையை ஆராயாமல், செயலுக்கு ஒரு பெயர் வைத்ததோடு வழக்கு முடிந்துவிட்டது.

உரிமை போய்க் கருணை வந்தது

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். 1862இல் அரசு ஓர் ஆணை பிறப்பித்து, மன்னரின் தனிச்சொத்தை ராணிகளுக்கே விட்டுக்கொடுத்தது. மூத்தவர் நிர்வகிக்க வேண்டும், மற்றவர்களையும் பராமரிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. சொத்து திரும்பி வந்துவிட்டதே, அப்புறம் என்ன குறை என்று தோன்றலாம்.

வந்தது உரிமையாக அல்ல, கருணையாக வந்தது. உரிமையாகக் கிடைத்திருந்தால் எடுத்தது தவறு என்று பதிவாகியிருக்கும். எடுத்தவர்கள் யார், எந்தெந்தப் பொருள் போனது, யார் பொறுப்பு என்ற கணக்கு பிறந்திருக்கும். கருணைக்குக் கணக்கு கிடையாது. கொடுத்தவருக்கு நன்றி சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதோடு, பங்கு எவ்வளவு, அதிகாரம் யாருக்கு என்று தெளிவில்லாத அந்தக் கருணை ராணிகளுக்குள்ளேயே வழக்காக மூண்டது. மற்ற ராணிகளுக்கும் காமாட்சி பாய்க்கும் இடையிலான அந்த வழக்கில் 1868இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பறித்த அரசு ஒதுங்கி நின்றது. பறிகொடுத்த பெண்கள் ஒருவரையொருவர் எதிர்த்து நின்றார்கள். மங்கள விலாசத்துப் பெண்களுக்கு இந்த வரிசையில் எங்கே இடம் என்பது அதற்கும் அடுத்த கேள்வி.

ஆட்சியாளரை விசாரிக்க முடியாது என்று சட்டம் சொல்லும் இடத்தில் பாதிக்கப்பட்டவருக்கு மிஞ்சுவது கருணை மட்டுமே. இன்றைய மொழியில் அதற்கு நிவாரணத் தொகை, கருணை அடிப்படையில் வேலை என்று பெயர். அதன் தேவையை நான் மறுக்கவில்லை. பசித்தவளுக்குச் சோறு முக்கியம். ஆனால் நிவாரணம் எப்போதும் 'யார் செய்தது' என்ற கேள்வியைக் கேட்காமலே வந்துசேர்கிறது.

ஆராய்ச்சி மணியை அடித்தது யார்?

நான் தமிழ் இலக்கியம் நடத்துகிறவள். மன்னனே ஆனாலும் நீதிக்குக் கட்டுப்பட்டவன் என்பது நம் மரபு, அதற்கு ஆங்கிலச் சட்டம் எதற்கு என்று மாணவிகள் கேட்பார்கள். உடனே இரண்டு கதைகள் வரும். இரண்டுமே எங்கள் காவிரிக்கரையைத் தொட்டவை. ஒன்று, கன்றைத் தேர்க்காலில் கொன்ற மகனை அதே தேர்க்காலில் கிடத்திய மனுநீதிச் சோழன். திருவாரூர்க் கோயில் பக்கம் கல்தேர் நிற்கிறது. இன்னொன்று, பூம்புகாரில் பிறந்து மதுரைக்குப் போய் ஒற்றைச் சிலம்போடு பாண்டியனைக் கேள்வி கேட்ட கண்ணகி.

இரண்டு கதைகளிலும் தீர்ப்புச் சொன்னது யார் என்று பாருங்கள். மன்னன்தான். சோழன் தன் மகனுக்குத் தானே தண்டனை கொடுத்தான். பாண்டியன் தன் தவறு தெரிந்ததும் தானே உயிர்விட்டான். மன்னனுக்கு மேலே ஒரு நீதிமன்றம் இந்தக் கதைகளில் இல்லை. அவன் மனசாட்சி உள்ளவனாக இருந்ததால் கண்ணகிக்கு நியாயம் கிடைத்தது. சிலம்பை உடைத்துக் காட்டிய பிறகும் அவன் 'இது அரசுச் செயல்' என்று சொல்லியிருந்தால்? கண்ணகியிடம் அதற்குமேல் இருந்தது நெருப்பு மட்டும்தான்.

மன்னர்கள் எல்லோருமே மணி அடித்தவுடன் எழுந்து வந்தார்கள் என்று கல்வெட்டுகளும் சொல்வதில்லை. காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடிக் கல்வெட்டு, சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் சொத்தைப் பறித்த செய்தியைச் சொல்கிறது. கொலை செய்தவர்களோடு அவர்களுடைய உறவினரும் வீட்டுப் பெண்களும் அந்தத் தண்டனைக்குள் வருகிறார்கள். அரச குடும்பத்துக்குத் தீங்கு செய்தால் பெண்களும் சேர்ந்து தண்டனை அனுபவிக்க வேண்டும். அரச குடும்பம் தீங்கு செய்தால் மன்னனின் மனசாட்சிக்குக் காத்திருக்க வேண்டும். மரபின் இந்த இரண்டு பக்கங்களையும் சேர்த்தே மாணவிகளுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

'முறை' என்ற சொல்

தமிழில் 'முறை' என்றால் நீதி. முறைசெய்வது மன்னன் வேலை, முறையிடுவது மக்கள் வேலை. டெல்டாவில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்து விடுவார்கள். முறைப்பாசனம் என்பார்கள். உங்கள் முறை நடக்கும் நாட்களில் மடை உங்களுக்குத்தான் திறந்திருக்கும். யாரும் வந்து அடைக்க மாட்டார்கள். முறை முடிந்தால் மடை அடுத்த வாய்க்காலுக்குத் திறக்க வேண்டும். முறை முடிந்தும் மடையைப் பிடித்துக்கொண்டிருக்கிறவனைத் தலைமடைக்காரன் என்றாலும் ஊர் விடாது.

பதவியில் இருப்பவருக்கு வழக்கிலிருந்து கொடுக்கப்படும் பாதுகாப்பை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அது நாற்காலிக்கு உரிய முறை. குடியரசுத் தலைவரை நாளுக்கொரு நீதிமன்றம் அழைத்தால் வேலை நடக்காது என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. நம் அரசமைப்புச் சட்டத்தின் 361ஆவது பிரிவு, குடியரசுத் தலைவர்மீதும் ஆளுநர்கள்மீதும் 'பதவிக் காலத்தில்' குற்ற நடவடிக்கை கூடாது என்கிறது. கைதும் கூடாது. பதவிக் காலம் முடிந்தால் அந்தப் பாதுகாப்பும் முடிகிறது. பிரதமருக்கும் முதலமைச்சருக்கும் அந்தப் பாதுகாப்பு பதவியில் இருக்கும்போதுகூட இல்லை.

சுதந்திர இந்தியா ஒரு காலத்தில் இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. சமஸ்தானங்கள் இணைந்தபின் முன்னாள் மன்னர்களுக்கு மானியத்தோடு ஒரு சலுகையும் கிடைத்தது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 197ஏ பிரிவின்படி, மத்திய அரசு அனுமதி கொடுத்தால்தான் அவர்கள்மீது குற்ற வழக்கு நடக்கும். தஞ்சையிலிருந்து சில மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கும் புதுக்கோட்டை 1948இல் இந்தியாவோடு இணைந்த சமஸ்தானம். அதன் முன்னாள் மன்னருக்கு அந்தச் சலுகை உண்டு. பக்கத்தில் நாற்று நடும் பெண்ணுக்குக் கிடையாது. 1971இல் 26ஆவது திருத்தத்தால் மன்னர் மானியம் ஒழிந்தது. 1972ஆம் ஆண்டுச் சட்டம் இந்தச் சலுகையையும் எடுத்துவிட்டது. முன்னாள் ஆட்சியாளருக்கு வாழ்நாள் பாதுகாப்பு வேண்டுமா என்ற கேள்விக்கு இந்தியா ஒருமுறை விடை சொல்லிவிட்டது என்றே நான் கொள்கிறேன்.

முதலமைச்சர்களைப் பற்றிய விடையும் டெல்டாக்காரர் ஒருவர் பெயரில் இருக்கிறது. பழைய தஞ்சை மாவட்டத்துத் திருக்குவளையில் பிறந்த மு. கருணாநிதியின் ஆட்சி 1976 ஜனவரியில் கலைக்கப்பட்டது. சர்க்காரியா ஆணையம் வந்தது, வழக்கும் வந்தது. முதலமைச்சர் 'பொது ஊழியர்' அல்ல, எனவே ஊழல் தடுப்புச் சட்டம் எனக்குப் பொருந்தாது என்பது அவர் தரப்பின் வாதங்களில் ஒன்று. 1979இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அரசுப் பணத்தில் ஊதியம் பெற்றுப் பொதுக் கடமை செய்பவர் பொது ஊழியரே என்றது. அவர் அந்த வழக்குகளில் தண்டிக்கப்படவில்லை. ஆனால் கோட்பாடு நிலைத்தது. 1984இல் மகாராஷ்டிரத்தின் முன்னாள் முதலமைச்சர் அந்துலே வழக்கில், பதவியை விட்டு விலகியவர்மீது வழக்குத் தொடர முன் அனுமதி தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

பின்னோக்கிய அடியும் உண்டு. 2018இல் ஊழல் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டு, குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்தில் பதவியில் இருந்தவருக்கு, அவர் ஓய்வு பெற்றபின்னும் முன் அனுமதி என்ற வேலி போடப்பட்டது. முறை முடிந்தபின்னும் மடை அவர் பக்கமே திறந்திருக்கிறது.

பழிவாங்கல் என்ற வாதம்

முன்னாள் ஆட்சியாளருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்கிறவர்களின் வலுவான வாதம், புதிதாக வந்தவர் பழிவாங்குவார் என்பதுதான். தமிழ்நாட்டுக்காரர்கள் இதைச் சிரித்துத் தள்ள முடியாது. 2001 ஜூன் 30 அதிகாலையில் மேம்பால வழக்கில் கருணாநிதி கைது செய்யப்பட்ட காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்த தலைமுறை என்னுடையது. எதிர்க்கட்சித் தலைவரை நடுநிசியில் வீட்டிலிருந்து தூக்கிச் செல்வது நீதியின் தோற்றம் அல்ல.

ஆனால் இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு மாற்றும் இருக்கிறது. ஜெயலலிதாமீது 1996இல் தொடங்கிய சொத்துக்குவிப்பு வழக்கை, அவர் மறுபடி முதலமைச்சராக இருந்தபோது, 2003இல் உச்ச நீதிமன்றம் கர்நாடகத்துக்கு மாற்றியது. அவர் அரசும் அவர் எதிரிகளின் அரசும் கை வைக்க முடியாத இடத்தில் விசாரணை நடந்தது. 2014 செப்டம்பர் 27இல் நான்காண்டுச் சிறையும் நூறு கோடி ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. 2015இல் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2016 டிசம்பரில் அவர் இறந்தார். 2017 பிப்ரவரி 14இல் உச்ச நீதிமன்றம் மற்ற மூவரின் தண்டனையை உறுதி செய்தது. இறந்துவிட்டதால் அவர்மீதான மேல்முறையீடு அற்றுப்போனது. இருபது ஆண்டுகள் இழுத்த வழக்குதான். ஆனாலும் பழிவாங்கலுக்கு மருந்து விசாரணையை நிறுத்துவதல்ல, விசாரிக்கிறவரை மாற்றுவது என்பதை அது காட்டியது.

இந்த வழக்கைப் பெண்ணியவாதிகள் பேசத் தயங்குவதை நான் பார்த்திருக்கிறேன். தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. 1996இல் அவர் வீட்டுப் புடவைகளையும் செருப்புகளையும் எண்ணி எண்ணிக் காட்டிய கூச்சலில் பெண் வெறுப்பு இருந்தது. ஆண் அமைச்சர்களின் வேட்டிகளை யாரும் எண்ணவில்லை. தோழியோடு அவருக்கிருந்த நட்பைப் பற்றிப் பேசிய வாய்கள் அருவருப்பானவை. அந்தக் கேலியை எதிர்க்க வேண்டியது நம் கடமை. ஆனால் கணக்குக் கேட்பதையும் கேலியையும் ஒன்றாகக் கட்டி இரண்டையும் தள்ளிவிட முடியாது. ஒரு பெண் அரசாள முடியும் என்று சொல்கிற நாம், அரசாண்ட பெண்ணும் பதில் சொல்லலாம் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். காமாட்சி பாய் கேட்ட கணக்கு நியாயம் என்றால், காமாட்சி பாய் அரசியாக இருந்து இன்னொருத்தி அவரிடம் கேட்டிருந்தாலும் அது நியாயம்தான்.

பெண்கள் உடைத்த சுவர்

அதிகாரத்துக்குக் கொடுக்கப்படும் பாதுகாப்பு எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்று தேடினால், பல இடங்களில் பெண்களின் கைவிரல் அடையாளம் தெரிகிறது. அரசு ஊழியர் பணியின்போது செய்த குற்றத்துக்கு அரசின் முன் அனுமதி வேண்டும் என்றது, 2024 வரை நடப்பில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 197ஆவது பிரிவு. டெல்லி மாணவி கொலைக்குப் பிறகு, வர்மா குழுவின் பரிந்துரைகளை ஒட்டி வந்த 2013 திருத்தம், பாலியல் குற்றங்களுக்கு அந்த அனுமதி தேவையில்லை என்று விளக்கம் சேர்த்தது. ஒரு பெண்ணைத் துன்புறுத்துவது யாருடைய பணியும் அல்ல என்ற எளிய உண்மையைச் சட்டத்தில் ஏற்ற அவ்வளவு காலம் ஆனது. அமெரிக்காவில் 1997இல் பவுலா ஜோன்ஸ் என்ற முன்னாள் அரசு ஊழியர் அதிபர் கிளின்டன்மீது தொடுத்த வழக்கில்தான், பதவிக்கு முன் செய்த சொந்தச் செயலுக்கு அதிபர் பதவியில் இருக்கும்போதே உரிமையியல் வழக்கைச் சந்திக்க வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது.

ஆனால் 361ஆவது பிரிவுக்கு அப்படி ஒரு விளக்கம் இன்னும் இல்லை. 2024 மே மாதம் மேற்கு வங்க ஆளுநர் மாளிகையின் ஒப்பந்தப் பெண் ஊழியர் ஒருவர், ஆளுநர் தன்னிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டதாகப் புகார் சொன்னார். ஆளுநர் மறுத்தார். புகார் உண்மையா என்று சொல்ல வேண்டியது விசாரணை. அந்த விசாரணையே நடக்கலாமா என்பதுதான் சிக்கல். ஆளுநரின் பாதுகாப்பு காவல்துறை விசாரணையையும் தடுக்குமா என்று கேட்டு அந்தப் பெண் உச்ச நீதிமன்றம் போனார். 2024 ஜூலை 19இல் நீதிமன்றம் அந்தக் கேள்வியை ஆராய ஒப்புக்கொண்டு அறிக்கை அனுப்பியது.

361ஆவது பிரிவை நீங்களே எடுத்து வாசியுங்கள். ஆளுநர் சொந்த முறையில் செய்த காரியத்துக்கு, இரண்டு மாத முன்னறிவிப்புக் கொடுத்து, அவர் பதவியில் இருக்கும்போதே உரிமையியல் வழக்குப் போடலாம். அதாவது, வீட்டு வாடகை பாக்கிக்கு அவரை நீதிமன்றத்துக்கு அழைக்கலாம். ஒரு பெண்ணின் கையைப் பிடித்து இழுத்தார் என்ற குற்றச்சாட்டுக்கு அழைக்க முடியாது. பதவிக் காலம் முடியட்டும் என்று காத்திருக்கலாம் என்பீர்கள். ஆளுநர் இன்னொரு மாநிலத்துக்கு மாற்றப்படலாம், மறுபடி நியமிக்கப்படலாம். சாட்சிகள் அதே மாளிகையில் வேலை செய்கிறவர்கள். புகார் சொன்னவரோ ஒப்பந்த ஊழியர். கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரும்வரை நாற்று காத்திருக்காது, சாட்சியமும் அப்படித்தான். விசாரணையைப் பதவியில் இருக்கும்போதே நடத்தி, ஆதாரங்களைப் பத்திரப்படுத்தி, வழக்கை மட்டும் பதவி முடிந்தபின் தொடங்குவதில் நாற்காலிக்கு என்ன குறை வந்துவிடும்?

பழைய சொல், புதிய தீர்ப்பு

2024 ஜூலை 1இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், முன்னாள் அதிபர் டிரம்ப் வழக்கில் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அரசமைப்பு தந்த மைய அதிகாரங்களைக் கொண்டு செய்தவற்றுக்கு முன்னாள் அதிபருக்கு முழுப் பாதுகாப்பு. மற்ற அதிகாரபூர்வச் செயல்களுக்கும் பாதுகாப்பு உண்டு என்றே தொடக்கத்தில் கொள்ள வேண்டும். சொந்தச் செயல்களுக்குக் கிடையாது. 'அதிகாரபூர்வச் செயல்' என்ற சொல்லைப் படித்ததும் எனக்கு 1859இன் 'அரசுச் செயல்' கேட்டது. இரண்டும் சட்டப்படி ஒன்றல்ல. முன்னது இன்னோர் அரசிடம் நடந்துகொள்வது பற்றியது, பின்னது சொந்த நாட்டின் குற்றச் சட்டத்தைப் பற்றியது. ஆனால் வேலை செய்யும் விதம் ஒன்றே. செயலின் பெயர் முடிவானதும் செயலை ஆராய வேண்டியதில்லாமல் போகிறது. பதவியின் அதிகாரத்தை வைத்துச் செய்யும் குற்றம்தான் மிகப் பெரியது. அதற்கே பாதுகாப்புக் கொடுத்தால் மீதி இருப்பது சில்லறைக் குற்றங்கள்.

கோடியக்கரைக்கு எதிரே, கடலுக்கு அந்தப் பக்கம், இதே கேள்வி வேறு முகத்தோடு நிற்கிறது. இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசமைப்பு ஜனாதிபதிக்குப் பதவிக் காலத்தில் பாதுகாப்புத் தருகிறது. பதவி முடிந்தபின் இல்லை. 2023 ஜனவரியில் அந்நாட்டு உயர் நீதிமன்றம், 2019 ஈஸ்டர் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தன் சொந்தப் பணத்திலிருந்து பத்துக் கோடி ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது. 2025 ஆகஸ்டில் முன்னாள் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க, சொந்தப் பயணத்துக்கு அரசுப் பணத்தைச் செலவிட்டார் என்ற குற்றச்சாட்டில் கைதாகிப் பிணையில் வந்தார். இவை சிறிய செய்திகள் அல்ல. ஆனால் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் 2017 முதல் கொட்டகை போட்டு உட்கார்ந்திருக்கும் தாய்மார் கேட்பது பயணச் செலவை அல்ல. 'என்ர பிள்ளையைக் கையில ஒப்படைச்சனான், எங்கே?' என்ற கேள்விக்கு எந்த முன்னாள் ஜனாதிபதியும் கூண்டில் ஏறிப் பதில் சொன்னதில்லை. சட்டத்தில் கதவு திறந்திருந்தும், போர் என்ற பெயர் அந்தக் கதவை மூடி வைத்திருக்கிறது. அந்தத் தாய்மாரில் பலர் இழப்பீடு வாங்க மறுக்கிறார்கள். கருணை வேண்டாம், கணக்கு வேண்டும் என்பதுதான் அந்த மறுப்பின் பொருள்.

சட்டத்தில் எழுதாத பாதுகாப்பு

சட்டத்தைத் திருத்தினால் எல்லாம் சரியாகும் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் மாவட்டத்துக்கு அது நன்றாகத் தெரியும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 தலித் மக்கள் எரிந்து இறந்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழ் நீதிமன்றம் நிலக்கிழார்களுக்குத் தண்டனை கொடுத்தது. உயர் நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் அளவுக்கு வசதியான மிராசுதார்கள் தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்று அந்தத் தீர்ப்பு கருதியது. எந்த அரசமைப்புப் பிரிவும் அவர்களைக் காப்பாற்றவில்லை. நிலமும் சாதியும் காப்பாற்றின.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. எழுதாத பாதுகாப்பு இவ்வளவு கெட்டியாக இருக்கும் ஊரில், எழுதிய பாதுகாப்பையும் சேர்த்துக் கொடுப்பது யாருக்கு உதவும்? நாற்காலியில் இருக்கும்வரை ஒரு தற்காலிகத் தடை போதும். அதுவும் பதவியின் வேலைக்கு மட்டும். உடல்மீதான வன்முறைக்கு அல்ல. விசாரணைக்கும் ஆதாரத் திரட்டலுக்கும் தடை கூடாது. இறங்கியபின் எல்லோரும் கூப்பிட்ட நீதிமன்றத்துக்கு வர வேண்டும். விசாரிப்பது அவர்களின் எதிரியாகவும் அடிமையாகவும் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 1862இன் ஆணையும் 1859இன் தீர்ப்பும் நமக்குக் கற்றுத்தருவதாக நான் எடுத்துக்கொள்வது இவ்வளவுதான்.

காமாட்சி பாயின் வழக்கு இன்றும் நீதிமன்றங்களில் மேற்கோள் காட்டப்படுகிறது. பெரும்பாலும் அவரைத் தோற்கடித்த வாதத்துக்கு ஆதரவாக, அரசின் வழக்கறிஞர்கள் வாயில் அவர் பெயர் வருகிறது. சட்டம் படிக்கும் பெண்கள் அந்தத் தீர்ப்பைத் தேர்வுக்காகப் புரட்டும்போது, கிங்ஸ்டவுன் பிரபுவின் முடிவோடு நிறுத்திவிடாமல், அதற்கு முன் சென்னையில் ராணி தாக்கல் செய்த மனு என்ன கேட்டது என்பதையும் வாசிக்க வேண்டும். அதில் இருப்பது ஒரே கோரிக்கை: எடுத்ததற்குக் கணக்குக் கொடுங்கள். லண்டனில் அது தள்ளப்பட்டதே தவிர, தவறான கோரிக்கை என்று யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை.